கோட்டை வாத்தியம் கேட்ட தீட்சிதர்

அந்நிய நாட்டு இசையைக் கேட்டால் நம் இசை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் முத்துசாமி தீட்சிதர்.

இவர் 1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தியாகராஜ சுவாமிகளும் சியாமா சாஸ்திரிகளும் அதே ஊரில் தோன்றியவர்களே. தந்தை இராமசாமி தீட்சிதர் பெரும் இசைப் புலவர். அன்றைய சென்னைக்கு வடக்கே இருந்த மணலியில் வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தை ஆதரித்தார். அவர் மகன் சின்னையா முதலியார், தீட்சிதர் சகோதரர்களைச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார்.

கோயில் நாகசுரமும் வீணையும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு அது புதுமையாக இருந்திருக்கும். ஆயினும் முத்துசாமி அதை இகழவில்லை; மயங்கி அடிமையாகவும் இல்லை. அம்மெட்டுகளின் சுரங்கள் நம் சங்கராபரண ராகத்தோடு பொருந்துவதைக் கண்டார். கமகமின்றி நேராக ஒலிக்கும் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் பக்திப் பாடல்கள் இயற்றினார். இவை ஏறத்தாழ நாற்பது. 'நோட்டுஸ்வரம்' என்பது இவற்றின் பெயர். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் அவர் பாடியதோ அம்பிகையை! மாணவியரே, சிறு வயதில் நாம் பாடிய 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டும் இவற்றுள் ஒன்று.

இளையவரான பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றார். மேனாட்டார் நின்று வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து வாசிக்கவும், தந்திகளை 'ச ப ச ப' எனச் சுருதி கூட்டவும் நம்மவர் வழி கண்டனர். இன்று பிடில் இல்லாத கர்நாடகக் கச்சேரி அரிது.

முத்துசாமி காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கி, வடநாட்டு இசையையும் அறிந்து திரும்பினார். பின்னர் திருத்தணி, காஞ்சி, திருவாரூர் எனத் தலந்தோறும் கிருதிகள் இயற்றினார். அவற்றில் விளங்கும் ஆழமும் நிதானமும் முற்றிலும் நம் மரபே. பிறர் இசையைக் கேட்டதால் அவருடைய வேர் அசையவில்லை. பாலுசாமி எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக இருந்தார். அங்கே, 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று முத்துசாமி இயற்கை எய்தினார்.

பின்னாளில் கிறிஸ்தவரான சின்னசாமி முதலியார் மறுதிசையில் பாலம் அமைத்தார். 1893-இல் நம் கிருதிகளை மேனாட்டுச் சுரலிபியில் அச்சிடலானார். தீட்சிதர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதரிடமிருந்த செல்வமும் அச்சேற வேண்டுமென வற்புறுத்தினார். அந்நூல், தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கிருதிகளோடு 1904-இல் வெளிவந்தபோது அதைக் காண முதலியார் உயிருடன் இல்லை.

நம் கடற்கரைச் சிற்றூர்த் திருவிழாக்களில் பாண்டும் நாகசுரமும் ஒலிக்கக் கேட்கிறோம். இனி அவற்றைக் கேட்கும்போது தீட்சிதரை நினைப்போம். செவியைத் திறந்து வைப்போம். நமக்குரியதை ஆழக் கற்போம். இரண்டும் சேர்ந்ததே கல்வி.