முதற் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்த அடிகள்

கிழக்கிலங்கையின் காரைதீவு கண்ணகி அம்மன் அருளாட்சி செய்யும் பழம்பதி. அங்கே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மைந்தராக 1892ஆம் ஆண்டு பங்குனி மாதம் அவதரித்தவர் மயில்வாகனன். முருகப்பெருமானின் திருநாமத்தைச் சூடிய அப்பிள்ளையே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் போற்றும் துறவியானார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் என்ற பெருமையும் அவருக்கே உரியது.

அவர் கல்விப் படிகளில் ஏறிய விதம் இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அதே கல்லூரியிலேயே ஆசிரியரானார். பின்னர் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அதன்பின் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என அவர் படிப்பு நீண்டது. 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் அவரே. ஒரு கையில் இரசாயனமும் மறு கையில் தொல்காப்பியமும் வைத்துக்கொண்டு படித்தவர்கள் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஆங்கிலம் கற்றோர் தமிழைத் தாழ்வாக எண்ணிய காலம் அது.

1917இல் யாழ்ப்பாணம் புனித சம்பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். பகலில் கற்பித்தபடியே இலண்டன் பல்கலைக்கழக பீ.எஸ்.சி. பரீட்சைக்கும் ஆயத்தஞ் செய்து 1920இல் அப்பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டு இணுவிலுக்கு அண்மையிலுள்ள மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றுக்கொண்டது.

இருபத்தெட்டு வயது, இலண்டன் பட்டம், பண்டிதர் பட்டம், அதிபர் பதவி. குடும்பம் நடத்தி வாழ விரும்பும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் 1922இல் அவர் அத்தனையையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற்குச் சென்று பிரமசாரியாகச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் இருந்து, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவுபெற்று விபுலாநந்தரானார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்பி இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார்.

பதவியை விட்டுச் சென்றவரைப் பதவி தேடி வந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கும் அவரே முதற் தமிழ்ப் பேராசிரியர். காவியுடுத்த துறவி விரிவுரை மண்டபத்தில் நின்று சிலப்பதிகாரம் கற்பித்தார். மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை தலைவிரித்தாடிய நாளில், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இவ்வாறு செய்வதைக் கண்டு முகஞ்சுளித்தோரும் உண்டு. அடிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1933இல் அப்பதவியையும் விட்டு நீங்கினார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் யாழ் பற்றிய செய்திகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அதன் நரம்புகள் எத்தனை, எவ்வாறு இசை கூட்டினர், பழைய பண்கள் எவை என்ற வினாக்களுக்கு விடை சொல்வாரில்லை. தமிழ்ப் புலவர்க்குக் கணிதம் தெரியாது. கணிதம் தெரிந்தவர்க்குச் சிலப்பதிகாரம் தெரியாது. இரண்டும் தெரிந்த அடிகள் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அதற்காக உழைத்தார். நாதஸ்வரமும் தவிலும் தழைத்த இணுவில் போன்றதோர் ஊரார்க்கு அவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இடையே 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிப்பதற்கு வழிவகுத்தார். இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழையும் சில காலம் நடத்தினார்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக நியமனம் பெற்றுக் கொழும்புக்கு வந்தார். பல்கலைக்கழகமோ தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. தமிழ்த்துறையை அவர் அடியிலிருந்தே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அவரிடம் கற்ற மாணவருள் தெல்லிப்பழை சு. வித்தியானந்தனும் ஒருவர். அவரே பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார்.

'யாழ் நூல்' ஏழு இயல்களாக நிறைவுற்றது. அவற்றுள் தேவாரவியல் என்பதும் ஒன்று. ஓதுவார்கள் பரம்பரையாகப் பாடிவந்த பண்களை அங்கு அடிகள் ஆராய்ந்தார். 1947 ஆனி மாதம் 5ஆம், 6ஆம் திகதிகளில், அதாவது ஆங்கில யூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. வெள்ளம் பெருகிய ஆற்றில் ஓடக்காரரின்றியே ஓடம் செல்லத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. அறிஞர் அவையில் யாழிசையும் ஒலித்தது.

அதன்பின் அடிகள் அதிக காலம் இருக்கவில்லை. ஆறு வாரங்கள் கடந்து, யூலை 19ஆம் நாள், ஐம்பத்தைந்தாவது வயதில் சிவபதமடைந்தார். அவர் பூதவுடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைக்கப்பட்டது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று அவர் பாடிய பாடல் அச்சமாதியில் பொறிக்கப்பட்டுள்ளது.