வேகத்தின் விலையைக் குறைத்தவர்

கேளம்பாக்கம் பகுதியில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை பரவி வருகிறது. பழைய மகாபலிபுரம் சாலையோரத்து மென்பொருள் நிறுவனங்களில் நல்ல ஊதியம் பெறும் இளைஞர்கள் சிலர், பிறர் ஓட்டி விற்ற அதிவேகக் கார்களைத் தேடுகிறார்கள். அன்றாடப் பயணத்துக்கு அல்ல. ஆண்டில் சில நாட்கள் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிப் பார்ப்பதற்காக. புதிய காரின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா என்று, பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னிடமும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடையை நான் பாடநூல்களில் தேடுவதில்லை. கோவை கரிவரதனின் வாழ்க்கையில் தேடுகிறேன்.

எஸ். கரிவரதன் 1954இல் பிறந்தவர். 1910இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் வளர்ந்த ஊருக்கு வேறொரு செல்வமும் இருந்தது. நூற்பாலை இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களும் பம்புசெட்டுகளும் செய்து பழகிய வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் கோவையில் தெருவுக்குத் தெரு இருந்தன. ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டித் தொழில்நுட்பம் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊர் அது. வெளியிலிருந்து வரும் பொருளை வியந்து பார்ப்பதோடு நில்லாமல், அதைப் பிரித்துப் பார்த்து நம்மால் செய்ய முடியுமா என்று கேட்கும் மனப்பாங்கு அந்த மண்ணில் இருந்தது. கரிவரதன் அந்த மரபின் வாரிசு.

அவர் இளைஞராக இருந்த காலத்தில் தென்னிந்தியாவின் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சோழவரம், அன்று கேளம்பாக்கத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. இந்திய மோட்டார் பந்தய வரலாற்றின் பெரும்பகுதி இந்த மாவட்டத்து மண்ணில்தான் எழுதப்பட்டது.

அந்தப் பந்தயங்களின் பொருளாதாரம் விசித்திரமானது. உரிமங்களும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளும் கோலோச்சிய காலம். உள்நாட்டில் கிடைத்தவை அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்தால் சுங்கவரி அதன் விலையையே மிஞ்சும். எனவே தடத்தில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒரு புறம், பட்டறையில் இழைத்து இழைத்து வேகம் கூட்டப்பட்ட உள்ளூர்க் கார்கள். மறுபுறம், வெளிநாடுகளில் ஓடி முடித்து, விற்பனைக்கு வந்த பந்தயக் கார்களை வாங்கி வந்த செல்வந்தர்கள். கோண்டல் மகாராஜா அத்தகைய கார்களுடன் வந்தார். தொழிலதிபர் விஜய் மல்லையா, ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கென உருவான என்சைன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். இன்று நம் இளைஞர்கள் தேடும் பழைய அதிவேகக் காரின் மூதாதை அது எனலாம்.

மக்களுக்கு அது பெரும் கேளிக்கை. ஆனால் விளையாட்டு என்ற வகையில் அதில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. எவர் சிறந்த ஓட்டுநர் என்பதைவிட எவர் சிறந்த காரை வாங்க முடிந்தவர் என்பதையே அது அளந்தது. ஒருவர் கூடுதலாகச் செலவிட்டால் மற்றவரும் செலவிட வேண்டும். முடியாதவர் விலகிவிடுவார். இறுதியில் களத்தில் திறமை குறைந்து பணப்பை மட்டும் பெருக்கும். நாடுகளுக்கிடையிலான ஆயுதப் போட்டிக்குப் பொருளியலாளர் சொல்லும் இலக்கணம் இதற்கும் பொருந்தும்.

கரிவரதன் சோழவரத்தில் ஓட்டியவர். அந்தப் போட்டியில் பணத்தைக் கொட்டி வெல்ல முடிந்தவர். அவரது சிந்தனை வேறு திசையில் சென்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர்கள், 796 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன் கொண்ட எளிய எஞ்சின். நடுத்தரக் குடும்பங்கள் அதில் தம் முதல் காரைக் கண்டன. கரிவரதன் ஒரு பந்தயக் காரைக் கண்டார். அந்த எஞ்சினையும் பல்சக்கரப் பெட்டியையும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, எடை குறைந்த சட்டகத்தின் மேல் ஓர் இருக்கை மட்டுமே கொண்ட காராக வடிவமைத்தார். 1980களின் பிற்பகுதியில் உருவான ஃபார்முலா மாருதி அதுதான்.

அந்தக் கார் உலகத் தரத்தில் வேகமானதல்ல. அதன் சிறப்பு மூன்று எளிய உண்மைகளில் இருந்தது. எஞ்சின் பழுதானால் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே கார் என்பதால், முந்துபவர் தம் கையாலும் கண்ணாலும் முந்த வேண்டும். அதைவிட முக்கியமானது, தடத்தில் கார் சேதமானால் ஒருவருடைய சேமிப்பு முழுவதும் கரைந்துவிடாது. வேகத்தின் விலை, கார் வாங்கும்போது கொடுக்கும் தொகை அன்று. ஒவ்வொரு முறை தடத்தில் ஏறி இறங்கும்போதும் கொடுக்கும் தொகை. இதை உணர்ந்து, அந்த இரண்டாவது விலையைக் குறைத்ததே கரிவரதனின் சாதனை.

அதற்கேற்ற களமும் அமைந்தது. சோழவரம் ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமானதல்ல. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத் தடத்தை உருவாக்கிய கிளப், 1990 முதல் அங்கே பந்தயங்களை நடத்தத் தொடங்கியது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது அங்கே, ஃபார்முலா மாருதி காரில்தான். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். மாருதி 800 எஞ்சினில் தொடங்கிய பாதை உலகின் உச்சிவரை சென்றது.

அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்ட் மாதம், சிறு விமான விபத்தொன்றில் 41 வயதில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. எளிய எஞ்சின், ஒரே வகைக் கார் என்ற அவரது கொள்கை, பின்னர் வந்த எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயங்களிலும் தொடர்கிறது.

இனி, என்னிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். பழைய காரின் குறைகள் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் சந்தையில் நல்ல கார்கள் பின்வாங்கி மோசமானவை மிஞ்சும் என்று 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற சிந்தனை அது. அதிவேகக் காருக்கு அது இருமடங்கு பொருந்தும். முந்தைய உரிமையாளர் எஞ்சினை எவ்வளவு வதைத்தார் என்பதை ஓடிய கிலோமீட்டர் கணக்கு சொல்லாது. எனவே சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை, விபத்தில் சட்டகம் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்ற ஆய்வு, டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கத் தயாரிப்பு வாரமும் ஆண்டும், சீராகப் பதிவான பராமரிப்புக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வாங்கிய பிறகு வரும் செலவே பெரிது. வேகம் இருமடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. சாலையில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பிரேக் கட்டைகளும் டயர்களும் தடத்தில் சில நாட்களிலேயே தேய்ந்துபோகலாம். விலையுயர்ந்த காருக்கு அவற்றின் விலையும் உயர்வு. ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்கு வழக்கமான மோட்டார் காப்பீடு பொறுப்பேற்காது என்பதையும் பலர் அறிவதில்லை. எனவே, தடத்தில் முற்றிலும் நொறுங்கினாலும் குடும்பம் தாங்கும் என்றால் மட்டுமே அந்தக் காரை வாங்குங்கள் என்கிறேன். இல்லையெனில், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் ஒரு சிறிய காரில் தொடங்குங்கள். கரிவரதன் காட்டிய வழி அதுதான்.

இதில் தனிமனிதச் செலவுக்கு அப்பால் ஒரு பொதுநலனும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவிலும் அதிகாலையிலும் நடக்கும் பந்தயங்களுக்கு விலை கொடுப்பவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமல்லர். மீன் கூடையுடன் சாலையைக் கடக்கும் பெண்ணும், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளியும் கொடுக்கிறார்கள். அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் கடுமையாகச் செயல்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடை மட்டும் ஆசையை அழிப்பதில்லை; அதற்குக் கட்டுப்படியாகும் மாற்று இடமும் வேண்டும்.

அந்த இடம் வெகுதொலைவில் இல்லை. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர், ஒரகடம் வழியாகச் சென்றால் இருங்காட்டுக்கோட்டை. தடுப்புச் சுவர், மருத்துவ ஊர்தி, தலைக்கவசம், பயிற்சியாளர் என அத்தனையும் உள்ள களத்தில், மாதம் ஒரு நாளாவது சாதாரண ஊதியக்காரரும் தம் சிறிய காருடன் குறைந்த கட்டணத்தில் நுழைய முடிய வேண்டும். சர்வதேசப் பந்தயங்களுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடத் தயங்காத அரசு, இதற்குச் சிறு பங்கு ஒதுக்கினால் சாலையில் காக்கப்படும் உயிர்களே அதன் வருவாய். ஒரு சிறிய எஞ்சினைக் கொண்டு தனிமனிதர் ஒருவர் 35 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தொடங்கி வைத்தார். அதைத் தொடர்வது அரசுக்கும் கிளப்புகளுக்கும் இயலாத காரியமன்று.