கொல்லர் மகன் பாரடே

நம் குடியிருப்பின் முனையில், கம்பி வேலிக்குள், டிரான்ஸ்பார்மர் ஒன்று ஓயாது முனகிக்கொண்டு நிற்பதை நாம் அறிவோம். பந்து அங்கே விழுந்தால் எடுக்கப் போகாதே என்று பிள்ளைகளை எச்சரிப்பதோடு அதனுடன் நமக்குள்ள உறவு முடிந்துவிடுகிறது. அதன் மூதாதை 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், லண்டன் மாநகரில் ஒரு சோதனைச்சாலையில் பிறந்தது. அதனை ஆக்கியவர் பள்ளிப் படிப்பு மிகுதியும் வாய்க்கப் பெறாத ஒரு கொல்லர் மகன். தம் சிறிய சபையை உயிரெனப் போற்றிய பக்தர். மைக்கேல் பாரடே என்னும் அப்பெருமகனாரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

1791 செப்டம்பர் 22-இல் பிறந்த பாரடேக்கு வறுமையே உடன்பிறப்பு. தந்தையார் ஜேம்ஸ் பிணியால் உலைக்களத்தில் நின்று உழைக்க இயலாதவரானார். 1805-இல், பதினான்காம் வயதில், புத்தகம் பைண்டு செய்து விற்கும் ரிபோ என்பாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார் சிறுவர். தைக்க வந்த ஏடுகளைப் பிறர் தைத்தனர். இவர் தைத்தும் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு, கடைக்கு வந்த அன்பர் ஒருவரால் கிட்டியது. கேட்டவற்றை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்கே உதவியாளரானார். பின்னர் 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக இவரைத் தேர்ந்தெடுக்க முனைந்தபோது, அதனை எதிர்த்தவர் அதே டேவி! எனினும் தம்மை ஏற்றிவிட்ட கையைப் பாரடே இறுதிவரை மறந்திலர்.

அவர் சார்ந்த சபையார் சாண்டிமானியர் எனப்படுவர். ஊதியம் பெறும் குருமார் அவர்களிடம் இல்லை. வேதத்தில் எழுதியபடியே வாழ்தல் வேண்டும். பொருள் குவித்தல் தகாது. 1821-இல் சாரா அம்மையாரை மணந்த பாரடே, அடுத்த திங்களிலேயே சபையின் முன் தம் நம்பிக்கையை அறிக்கையிட்டு உறுப்பினரானார். செல்வம் தரவல்ல ஆலோசனைத் தொழிலைப் பின்னர் பெரிதும் கைவிட்டதும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை இருமுறை மறுத்ததும் இப்பின்னணியில் வைத்துக் காணத்தக்கவை.

இனி அந்த 1831-ஆம் ஆண்டுச் சோதனைக்கு வருவோம். ஆறு அங்குல விட்டமுடைய இரும்பு வளையம்; அதன் இருபுறமும் நூலும் துணியும் இட்டுச் சுற்றிய செம்புக் கம்பிகள். ஒருபுறம் மின்கலம், மறுபுறம் காந்த ஊசி. மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கையில் ஊசி அசையவில்லை. இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே துள்ளியது. மாற்றமே மின்சாரத்தைத் தூண்டுகிறது என்பது அக்கணத் துடிப்பில் புலனாயிற்று. பிறர் பிழையென ஒதுக்கியிருக்கக் கூடிய துடிப்பு அது.

சபையும் அவரைச் சோதித்தது. 1840-இல் மூப்பராக்கிய அதே சபை 1844-இல் அவரைச் சில வாரங்கள் விலக்கி வைத்தது. அரசியாரின் விருந்துக்குச் சென்று ஞாயிறு வழிபாட்டைத் தவறவிட்டமையால் என்றொரு கதை வழங்குகிறது. கதை சுவையானதே, சான்றுதான் இல்லை. சபை ஒழுங்கு பற்றிய பூசலில் வேறு சிலருடன் விலக்கப்பட்டார் என்பதே ஆராய்ந்தோர் கருத்து. உலகம் போற்றும் அறிஞர், தொழிலாளரும் கடைக்காரரும் நிறைந்த அக்கூட்டத்தின் முன் பணிந்து மீண்டும் சேர்ந்தார். மூப்பர் நிலை மட்டும் 1860 வரை திரும்பவில்லை.

மறு ஆண்டே, 1845-இல், கனத்த கண்ணாடியூடே செல்லும் ஒளியைக் காந்தம் திருப்புவதைக் கண்டார். படைத்தவர் ஒருவராயின் இயற்கை ஆற்றல்கள் யாவும் தம்முள் உறவுடையனவாதல் வேண்டும் என்பது அவர் உட்கிடக்கை. அதே எண்ணத்தால் 1849-இல் புவியீர்ப்பையும் மின்சாரத்தையும் இணைக்க முயன்றார். பொருள்களை உயரத்திலிருந்து விழச் செய்து பன்முறை நோக்கினார். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதையே ராயல் சொசைட்டியின் முன் எழுதி வைத்தார். நமக்கு அவர் கண்டவற்றினும் இந்த ஏடே பெரிதாகப் படுகின்றது: எங்கே தேடுவது என்பதை நம்பிக்கையிடம் கேட்டார், என்ன கண்டோம் என்பதை ஊசியிடம் மட்டுமே கேட்டார்.

நினைவாற்றல் தேய்ந்த முதுமையிலும், 1862-இல், காந்தம் ஒளியின் நிறமாலையை மாற்றுமா எனப் பார்த்தார். கருவியின் நுண்மை போதவில்லை. 1896-இல் டச்சு நாட்டு அறிஞர் சீமன் அம்மாற்றத்தைக் கண்டார்.

அதற்குள் பாரடே மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசி விக்டோரியா வாழக் கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில், 1867 ஆகஸ்டு 25-இல் அவர் உயிர் நீத்தார். மன்னரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டரை அவர் வேண்டவில்லை. லண்டனின் ஹைகேட் இடுகாட்டில், அரசுத் திருச்சபையைச் சாராதாருக்கு ஒதுக்கிய பகுதியில், எளிய கல் ஒன்றின் கீழ் கிடக்கின்றார். 1879-இல் சாரா அம்மையாரும் அங்கேயே சேர்ந்தார்.