ரிச்சர்டு ஷோப்

ரிச்சர்டு எட்வின் ஷோப் (டிசம்பர் 25, 1901 – அக்டோபர் 2, 1966) ஓர் அமெரிக்க மருத்துவரும் தீநுண்மவியல் அறிஞரும் ஆவார். பாலூட்டிகளைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தை (வைரசை) முதன்முதலில் பிரித்தெடுத்தவர் இவரே. 1918 ஆம் ஆண்டின் உலகப் பெருங்கொள்ளை நோய்க்கும் பன்றிகளுக்கும் உள்ள தொடர்பை ஆய்வு வழியாக நிறுவியவர் என்பதாலும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

அயோவா மாநிலத்தின் டெ மொயின் நகரில் பிறந்த ஷோப், 1924 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் பிரின்ஸ்டனில் இயங்கிய ராக்கஃபெல்லர் ஆய்வுக்கழகப் பிரிவில் பால் லூயிசிடம் உதவியாளராகச் சேர்ந்தார். லூயிசு 1929 இல் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்கையில் அந்நோயினாலேயே இறந்தார். இருவரும் தொடங்கிய ஆய்வை ஷோப் தொடர்ந்தார்.

பன்றிக் காய்ச்சல் ஆய்வு

1918 இன் இலையுதிர் காலத்தில், மனிதரிடையே இன்ஃபுளுவென்சா பரவிய அதே வேளையில், அயோவாவின் பன்றிகளிடையேயும் ஒரு புதிய சுவாச நோய் தோன்றியது. கால்நடை மருத்துவர் ஜே. எஸ். கோயன் இரண்டும் ஒரே நோய் என்றார். இறைச்சி விற்பனை குறையும் என்று அஞ்சியோர் அவரைக் கடிந்துகொண்டனர்.

நோயுற்ற பன்றிகளின் சுவாசக் குழாயிலிருந்து ஒரு பாக்டீரியாவை ஷோப்பும் லூயிசும் பிரித்தெடுத்தனர். அதை மட்டும் செலுத்தியபோது நோய் தோன்றவில்லை. பாக்டீரியாவைத் தடுத்துநிறுத்தும் வடிகட்டியில் நோய்ப்பொருளை வடித்து, அந்த நீர்மத்தைச் செலுத்தியபோது இலேசான காய்ச்சல் மட்டும் உண்டாயிற்று. இரண்டையும் சேர்த்துச் செலுத்திய பின்னரே முழுமையான நோய் வெளிப்பட்டது. இம்முடிவுகள் 1931 இல் வெளியாயின. இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் பாக்டீரியாவே என்று 1892 முதல் நிலவிய கருத்து இதனால் ஆட்டங்கண்டது. 1933 இல் இங்கிலாந்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர் கீரியை ஒத்த ஃபெரட் என்னும் விலங்கின் துணைகொண்டு மனித இன்ஃபுளுவென்சா தீநுண்மத்தைப் பிரித்தெடுத்தனர்.

குருதியில் கிடைத்த சான்று

1918 இல் மனிதரைக் கொன்ற தீநுண்மத்தை அக்காலத்தில் எவரும் பிரித்தெடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே ஷோப் மனிதரின் குருதிநீரில் (சீரத்தில்) அதன் தடயத்தைத் தேடினார். பன்றித் தீநுண்மத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் பெரியவர்களிடம் இருந்தது. 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் பெரும்பாலும் இல்லை. பெருங்கொள்ளை நோய்க் காலத்தில் வாழ்ந்தோரின் உடல் அதை நினைவில் வைத்திருந்தது எனலாம். மனிதரிடமிருந்தே நோய் பன்றிகளுக்குச் சென்றது என்று 1936 இல் ஷோப் கருதினார். 1918 ஆம் ஆண்டுத் தீநுண்மத்தின் மரபணு வரிசை 2005 இல் முழுமையாக அறியப்பட்டபோது, அவ்விரு தீநுண்மங்களின் நெருங்கிய உறவு தெளிவாயிற்று. 2009 இல் பரவிய எச்1என்1 தீநுண்மத்தின் சில மரபணுக்கள் இதே பன்றி வழியில் வந்தவை. முதியோர் பலரிடம் அதற்கான எதிர்ப்பொருள் முன்பே இருந்தது.

அவருடைய கருத்துகள் யாவும் நிலைபெறவில்லை. பன்றியின் நுரையீரல் புழுவிலும் மண்புழுவிலும் தீநுண்மம் மறைந்து வாழ்கிறது என்ற விளக்கத்தைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

பிற பணிகள்

முயல்களில் மருக்களை உண்டாக்கும் தீநுண்மத்தை 1933 இல் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் குரோஸ் தீவில் மாட்டு வெக்கை நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் பசிபிக் பகுதியில் பணியாற்றுகையில், தம் மனைவி ஹெலனின் ஒளிப்படத்தின் மேலுறையில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து தீநுண்மங்களை எதிர்க்கும் பொருள் ஒன்றைப் பெற்று, அதற்கு ஹெலனைன் எனப் பெயரிட்டார். அப்பூஞ்சையைத் தொற்றியிருந்த வேறொரு தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ.வே அதன் ஆற்றலுக்குக் காரணம் என்பது அவர் மறைந்த பின்னரே தெரியவந்தது. இவருடைய மகன் இராபர்ட் ஷோப்பும் தீநுண்மவியல் அறிஞராக விளங்கினார்.