கிப்லாவைக் கணித்த அல்லாமா அல்பிரூனீ

தொழுகைக்குக் கிப்லாவை முன்னோக்குவது ஷர்த்து என்பதை நாம் அறிவோம். கஃபா கண்ணுக்குத் தெரியாத தொலைதூர ஊரில் அதன் திசையை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு விடைகாண உழைத்த மேதைகளுள் ஒருவர் அல்லாமா அபூரைஹான் அல்பிரூனீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 362-ல் (கி.பி. 973), இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தார்கள்.

பூமத்திய ரேகை 0 பாகை. வடதுருவம் 90 பாகை. இடையே ஓர் ஊர் எத்தனையாவது பாகையில் உள்ளதோ, அதுவே அவ்வூரின் அட்சம். ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். இதை அறிய நிலத்தை அளந்து கொண்டே செல்ல வேண்டியதில்லை. இரவும் பகலும் சமமான நாளின் நண்பகலில், சூரியன் தலையுச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, அதுவே அவ்வூரின் அட்சமாகும். மற்ற நாட்களில், சூரியன் வடக்கிலோ தெற்கிலோ விலகியுள்ள அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அல்லாமா அவர்கள் ஏறத்தாழ 17 வயதிலேயே, 990-ல், சூரியனின் உயரத்தைக் கொண்டு காத் நகரின் அட்சத்தைக் கணித்தார்கள். பின்னர் 15 முழ விட்டமுள்ள வளையக் கருவியை அமைத்தார்கள். ஆனால் 995-ல் உள்நாட்டுப் போர் மூண்டு, ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. 1017-ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, கஜ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில், துன்பமான நிலையில், கருவி ஏதுமின்றி இருந்தார்கள். அப்போதும் சோர்ந்துவிடவில்லை. கணக்குப் பலகையின் பின்புறம் வட்டவில் வரைந்து, பாகை பிரித்து, நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுச் சூரியனை அளந்தார்கள்!

கஜ்னாவின் கிப்லாவைத் திட்டமாய்க் கண்டறியும் நோக்குடன் எழுதிய நூலை 1025-ல் முடித்தார்கள். மக்காவின் அட்சம் சுமார் 21½ பாகை; கஜ்னாவுடையது 33½. ஆயினும் அட்சம் மட்டும் போதாது. ஊர்களின் கிழக்கு மேற்கு இடைவெளியும் வேண்டும். அதைப் பயணிகள் கடந்த தூரங்களையும் இடையிலுள்ள ஊர்களின் அட்சங்களையும் கொண்டு கணித்தார்கள். பூமி உருண்டை என்பதால், உருண்டைக்குரிய கணிதத்தாலேயே திசையை வகுத்தார்கள்.

1048 அளவில் கஜ்னாவில் மறைந்தார்கள். இன்று கைபேசி நொடியில் காட்டும் கிப்லாவும் இதே வகைக் கணக்கில் பிறந்ததே. எனவே நம் பிள்ளைகள் பூகோளப் பாடம் படிக்கையில், அது வெறும் உலகக் கல்வி என ஒதுக்காதிருப்போமாக! வணக்கத்துக்குத் துணைபுரியும் கல்வியை அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.