சுதந்திர விழாவில் ஒரு கேள்வி

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த நாள், 1776-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. மனிதர் எல்லோரும் சமம் என்று அந்தப் பிரகடனம் கூறியது.

76 ஆண்டுகள் ஓடின. அதே நாட்டில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆடு, மாடுகளைப் போல ஏலம் விடப்பட்டார்கள்!

இந்த அநியாயத்தைச் சுதந்திர விழாக் கூட்டத்திலேயே ஒருவர் எடுத்துச் சொன்னார். அவர்தான் பிரெடரிக் டக்ளஸ். அவரும் அடிமையாகப் பிறந்தவரே.

தாயைப் பிரிந்த பிள்ளை

டக்ளஸ் 1818-ம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். பிறந்த தேதி அவருக்கே தெரியாது.

கைக்குழந்தையாக இருந்தபோதே தாயிடம் இருந்து அவரைப் பிரித்துவிட்டார்கள். தாய் 12 மைல் தொலைவில் வேறொரு பண்ணையில் வேலை செய்தாள். பகல் எல்லாம் வயலில் பாடுபட்டு, இரவில் நடந்தே வருவாள். மகனைத் தூங்க வைப்பாள். அவன் கண் விழிக்கும்முன் போய்விடுவாள். அப்படி அவள் வந்ததும் சில தடவைகள்தான்.

ரொட்டிக்கு எழுத்து

சிறுவனைப் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு எஜமானி அவனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். அவள் கணவன் சீறினான். படிக்கத் தெரிந்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று தடுத்தான்.

விடுதலைக்கு வழி படிப்புதான் என்பது அன்றே சிறுவனுக்குப் புரிந்துவிட்டது. தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் வாசிக்கக் கற்றான்.

1838-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, டக்ளஸ் மாலுமி போல உடை அணிந்து ரெயில் ஏறினார். நியூயார்க்குக்குத் தப்பினார். அதற்கு உதவிய அன்னா என்ற பெண்ணையே மணந்தார். பின்பு ஊர் ஊராகச் சென்று அடிமை முறையை எதிர்த்துப் பேசினார்.

அவர் பிடிபடும் ஆபத்து இருந்தது. ஆகவே 1846-ம் ஆண்டில், இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி எஜமானனிடம் கொடுத்தார்கள். ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை, 150 பவுன்!

அந்தப் பேச்சு

ரோச்செஸ்டர் நகரில் டக்ளஸ் பத்திரிகை நடத்தினார். அங்கே அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கம் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தது. 1852-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, சுதந்திர தினத்துக்கு மறுநாள், டக்ளஸ் மேடை ஏறினார். சுமார் 600 பேர் கூடியிருந்தார்கள்.

முதலில், சுதந்திரம் வாங்கித் தந்த பெரியவர்களை அவர் பாராட்டினார். அவர்கள் வீரர்கள் என்றார். சபை மகிழ்ந்தது.

பிறகு பேச்சு திரும்பியது. இந்த விழா உங்களுடையது, எங்களுடையது அல்ல என்றார். அடிமைக்கு உங்கள் ஜூலை 4 என்ன தந்தது என்று கேட்டார்.

அடிமையும் மனிதன் என்று நிரூபிக்க வேண்டுமா? குற்றம் செய்தால் அவனைச் சட்டம் தண்டிக்கிறதே! அவனுக்குப் படிப்புச் சொல்லித் தருவதைத் தென் மாநிலங்கள் தடுக்கின்றனவே! மாட்டுக்குப் படிப்புச் சொல்லாதே என்று யாராவது சட்டம் போடுவார்களா? இப்படி மடக்கினார்.

ஓடிப்போன அடிமையை எந்த மாநிலத்திலும் பிடித்துக் கொடுக்கச் சொன்ன 1850-ம் ஆண்டுச் சட்டத்தையும், வாய் மூடி இருந்த மதத் தலைவர்களையும் கண்டித்தார்.

ஆனால் நாட்டைச் சபித்து அவர் முடிக்கவில்லை. அடிமை முறை அழிந்தே தீரும் என்று நம்பிக்கை கூறினார்.

நம்பிக்கை பலித்தது

1861-ம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. டக்ளஸ் தம் பிள்ளைகள் இருவரைப் படைக்கு அனுப்பினார். 1865-ம் ஆண்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு அடிமை முறை ஒழிந்தது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகவும் பெண்களின் உரிமைக்காகவும் பாடுபட்டார். 1895-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, பெண்கள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வீடு திரும்பிய சில மணி நேரத்தில் காலமானார்.

ஜூலை 4 வந்தால், அமெரிக்காவில் பல ஊர்களில் மக்கள் கூடி அந்தப் பேச்சை இன்றும் வாசிக்கிறார்கள்.