யார் இந்த டென்னிஸ் ரிட்சி? பில்லில் 150.00 என்று வருவதற்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

தேனாம்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குறீங்க. பில்லில் விலை வெறும் 150 என்று இருக்காது, 150.00 என்றுதான் இருக்கும். எல்லா விலையும் புள்ளிக்குப் புள்ளி நேராக நிற்கும். இந்த வேலையைப் பல தலைமுறை புரோகிராமர்களுக்குப் பழக்கிவிட்டது ‘சி’ மொழி. அதை உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும்தான்!

கைக்கு வராத டாக்டர் பட்டம்

1941 செப்டம்பர் 9-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார் ரிட்சி. ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். ஆய்வேடு எழுதியும் அதை முறைப்படி ஒப்படைக்காததால் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. 1967-ல், அப்பா வேலை பார்த்த அதே பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே கென் தாம்சனுடன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் உழைத்தார். 1972 வாக்கில் சி மொழி பிறந்தது. 1978-ல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து அவர் எழுதிய சி மொழிப் புத்தகம் உலகம் முழுக்கப் பாடமானது.

‘பிரின்ட்எஃப்’ என்ன செய்யும்?

கம்ப்யூட்டருக்குள் எண் என்பது 0, 1 மட்டுமே. அதை நாம் படிக்கிற மாதிரி மாற்றித் தருவது, ரிட்சியின் சகாக்களும் சேர்ந்து வளர்த்த ‘பிரின்ட்எஃப்’. % குறிக்குப் பின்னால் ‘டி’ போட்டால் முழு எண், ‘எஃப்’ போட்டால் தசம எண், ‘எஸ்’ போட்டால் எழுத்துகள். நடுவில் .2 சேர்த்தால் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம். ‘டி’ போட வேண்டிய இடத்தில் ‘எஃப்’ போட்டால்? சம்பந்தமே இல்லாத எண் வரலாம். சி மொழி புரோகிராமரை நம்பும், பொறுப்பும் அவருடையதே.

தமிழில் ஒரு சிக்கல்

அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து 1992-ல் யுடிஎஃப்-8 முறையை உருவாக்கினார். அதில் ‘அம்மா’ என்ற சொல் 15 பைட். நம்ம கண்ணுக்கு மூன்றே எழுத்து. பிரின்ட்எஃப் பைட்டைத்தான் எண்ணும். அதனால் 10 இடம் ஒதுக்கச் சொன்னாலும், இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதாக நினைத்து இடைவெளியே விடாது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் கோணலாக வர இதுவும் ஒரு காரணம்.

சத்தமில்லாத விடைபெறல்

1983-ல் தாம்சனுடன் சேர்ந்து டூரிங் விருது பெற்றார் ரிட்சி. 2011 அக்டோபர் 5-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே அழுதது. ஒரே வாரத்தில், அக்டோபர் 12-ல், நியூஜெர்சி வீட்டில் தனியாக வாழ்ந்த ரிட்சி இறந்து கிடந்தார். வயது 70. அந்தச் செய்தி பலருக்குத் தெரியவே இல்லை. ஆனால் ஜாப்ஸின் ஐபோனுக்குள் ஓடுவதும் யூனிக்ஸ் வழிவந்த மென்பொருள்தான்.